ஐந்து மதிப்பெண் வினா

கொலக்கம்பைப் பள்ளியில்
சுவரில் தொங்கும் இந்தியாவுக்குச் சளி.
ஆறு மாத ஈரத்தில்
பூஞ்சணம் முதலில் பிடித்தது
தார்ப் பாலைவனத்தை.
“மழையே பெய்யாத இடம்” என்று
பிரம்பால் தொட்டுச் சொல்கிறேன்.
பிரம்பின் நுனியில் பச்சையாக
ஒட்டிக்கொண்டு வருகிறது ஜெய்சல்மேர்.
மூன்று மணிக்கு மஞ்சு உள்ளே நுழைந்தால்
காஷ்மீரிலிருந்து போபால் வரை காணாமல் போகும்.
யாராவது எழுந்து சன்னலைச் சாத்த வேண்டும்.

நான் சாயல்குடிக்காரி.
கடல் தெரியும், கருவேலம் தெரியும்.
திருப்பதிக்கு வடக்கே போனதில்லை.
இருந்தும் பன்னிரண்டு வருடமாய்
கங்கையை கங்கோத்திரியில் பிறக்கவைத்து
மணி அடிப்பதற்குள்
கடலில் சேர்த்துவிடுகிறேன்.

ஜூலையில் வந்து சேர்ந்தான் எத்வா.
பெயரைக் கூப்பிட்டதும் வகுப்பு சிரித்தது.
“எதுவா? எதுவாம்?”
ஞாயிற்றுக்கிழமை பிறந்தவனுக்கு
அவர்கள் ஊரில் அதுதான் பெயராம்.
அப்பா அம்மா கொழுந்தெடுக்கும் எஸ்டேட்டில்
அவன் தமிழ் படித்தது இந்த வரிசையில்:
அட்டை, மூட்டை, காட்டெருமை, சும்மா.

உன் மாநிலத்தைக் காட்டு என்றேன்.
நெடுநேரம் தேடினான்.
தப்பு அவனுடையதில்லை.
படம் அச்சானபோது
ஜார்க்கண்ட் பிறந்திருக்கவில்லை.
பீகாரின் இடுப்பில்
சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தேன்.
கை நடுங்கியது.
இவ்வளவு சுலபமாகவா எல்லை போடுகிறார்கள்?

பின் பெஞ்சிலிருந்து தர்சினி:
“கீழே இருக்குற துளிக்கு மட்டும்
ஏன் டீச்சர் கலர் அடிக்கல?
எங்க தாத்தா பொறந்தது அதுலதான்.”
அது பாடத்தில் இல்லை என்றேன்.
பாடத்தில் இல்லைதான்.

அரையாண்டுத் தேர்வு. கடைசி வினா.
இந்திய வரைபடத்தில் குறிக்கவும்:
மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, பெண்ணாறு, காவிரி.
விடைக்குறிப்பில் குழப்பமே கிடையாது:
நீலக் கோடு, பிறப்பிடம் முதல் கடல் வரை,
ஒன்றுக்கு ஒன்று.

எத்வா ஆறுகளை வரையவில்லை.
மேலிருந்து கீழே ஒரு தண்டவாளம் போட்டு
அதன் குறுக்கே ஐந்து சின்ன வெட்டுகள்.
பக்கத்தில், முக்கால் தமிழும் கால் இந்தியுமாய்:

மகாநதி: இருட்டு. சத்தம் மட்டும்.
கோதாவரி: ரொம்ப நீளம். அம்மா காசு போட்டா.
கிருஷ்ணா: பாத்ரூம் கிட்ட நின்னு பாத்தேன்.
பெண்ணாறு: மணல்.
காவிரி: தூங்கிட்டேன். அப்பா சொன்னார்.

தண்டவாளம் கோயம்புத்தூரில் நின்று
அம்புக்குறியாகி மேலே திரும்பியிருந்தது.
“14 வளைவு. வாந்தி.”
இது கேள்வியில் இல்லை.

வரிசை சரி.
ஐந்தும் அதனதன் இடத்தில், ஏறக்குறைய.
ஒன்றுக்கும் பிறப்பிடம் இல்லை, கடல் இல்லை.
இரண்டரை போட்டேன்.
டீ ஆறிப் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
அடித்துவிட்டு நான்கு போட்டேன்.
அந்த ஒன்றை ஏன் பிடித்துவைத்தேன்,
காவிரியில் தூங்கிவிட்டான் என்பதற்கா?
இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

பிப்ரவரியில் புதுப்படம் வந்தது,
மூன்று கடிதத்துக்குப் பிறகு,
வார்னிஷ் வாசனையோடு.
ஆணியில் மாட்டி நான் இறங்குவதற்குள்
எத்வா ஸ்டூல் மேல் ஏறிவிட்டான்.
ஜார்க்கண்ட். அச்சில். ரோஸ் கலரில்.
லோஹர்தகாவில் வலது விரலை வைத்தான்.
மாவட்டமே மறைந்துபோனது.
“இங்க தங்கச்சி.”
இடது கையைக் கீழே நீட்டி
நீலகிரியைத் தடவித் தேடிப் பிடித்தான்.
“இங்க நான்.”
இரண்டையும் விடாமல்
சுவரோடு சுவராய் ஒட்டி நின்றதில்
மூக்கு போய்க் கோதாவரியில் இடித்தது.

வகுப்பு சிரித்தது.
“ஆழம்டா, விழுந்துராத” என்றாள் தர்சினி.
மணி அடித்தது.
எல்லோரும் பையை மாட்டினார்கள்.
அவன் கையை எடுக்கவில்லை.